டொரொண்டோ போய்ச் சேரும்வரை பெருக்காத வீடு

வீட்டிலிருந்து ஒருவர் ஊருக்குப் புறப்பட்டுப் போனால், அவர் போய்ச் சேருகிற வரைக்கும் அந்த வீட்டைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் போனவரையும் சேர்த்து வாரித் தள்ளினதாக ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். காலையில் பள்ளிக்கூடம், வேலை என்று போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்களுக்கு இது கிடையாது. பெட்டி எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான்.

நான் கல்யாணமாகித் திருவிடந்தைக்கு வந்த நாளில் இது ஒரு பெரிய சிரமமாக இல்லை. எங்கள் வீட்டிலிருந்து பெட்டியோடு புறப்பட்டவர்கள் போன ஊர்கள் எல்லாம் பக்கத்தில்தான் இருந்தன. செங்கல்பட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போனாலும் இரண்டு மணி நேரம். காஞ்சிபுரம் என்றால் மூன்று, மூன்றரை. நாத்தனார் ஒருத்தி சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் வந்துவிட்டுத் திரும்பினால் ஒரு பகல் முழுக்கத் துடைப்பம் மூலையில் சும்மா நிற்கும். அதையே அப்போது பெரிய தூரம் என்று பேசிக்கொண்டோம். இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யாராக இருந்தாலும், அவர்களுக்குச் சேலத்துக்கு அப்பால் சொந்தக்காரர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

என் மகன் டொரொண்டோவுக்குப் போனபோதுகூட நான் தப்பித்துக்கொண்டேன். அவன் பெங்களூர் ஆபீசில் கணக்கு முடித்துக்கொண்டு அங்கிருந்தே விமானம் ஏறினான். ஆகவே பெங்களூர் வரைக்கும் பெருக்காமல் இருந்தேன். அதற்கு அப்புறம் உள்ள தூரம் பெங்களூர்க்காரர்களின் பொறுப்பு என்று விட்டுவிட்டேன்.

அவனுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. மருமகள் என்னோடு தங்கினாள். இரண்டு மூன்று மாதத்தில் அங்கே குடியேற அவளுக்கும் பேப்பர் வந்துவிடும், போய்விடுவாள் என்றார்கள். மூன்று வருஷம் ஆயிற்று. அவள் படூரில் ஒரு ஆபீசுக்குப் போய்வந்தாள். போவதற்கு முன்னால் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம் வீட்டைப் பெருக்குவாள். எங்கள் வீடு கடற்கரைச் சாலையிலிருந்து கிழக்கே இறங்குகிற தெருவில் இருக்கிறது. ஜன்னலை அடைத்தாலும் மணல் வரும். அவள் அந்த மணலோடு மூன்று வருஷம் சண்டை போட்டாள்.

நான் பேச்சு குறைந்தவள். சொல்ல நினைப்பது தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். அவள் எனக்கும் சேர்த்துப் பேசுவாள். ஆபீஸ் விட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு அன்றைக்கு யார் யாரிடம் என்ன சொன்னாள் என்று சொல்லுவாள். நான் கீரை ஆய்ந்துகொண்டு கேட்பேன். பேப்பர் இன்னும் வரவில்லை என்று அவள் முகம் சுண்டிப்போகும் நாளில் "வரும், வரும்" என்பேன். வராவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது என்று எனக்குள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு நான் பதில் சொன்னதில்லை. வாயை மூடு என்றும் சொன்னதில்லை.

பேப்பர் வந்தது. மார்கழி மாதத்தில் வந்தது. அதில் ஒரு கடைசித் தேதி போட்டிருந்தது. அந்தத் தேதிக்குள் அந்த நாட்டில் இறங்கி அதிகாரியிடம் காட்ட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் அது வெறும் காகிதம், மறுபடி முதலிலிருந்து எழுதிப்போட வேண்டும் என்று மகன் சொன்னான். உடனே புறப்படு என்றான்.

செங்கல்பட்டிலிருந்து சம்பந்தியம்மா, மருமகளின் அம்மா, பஸ் பிடித்து வந்து நின்றாள்.

"மார்கழில பொண்ண கடல் தாண்டி அனுப்பறதா? இன்னா பேச்சு பேசறீங்க? தை பொறக்கட்டும்."

தை பிறந்தது. முதல் மூன்று நாள் கரிநாள் என்றாள். பிறகு அஷ்டமி, நவமி என்று ஏதேதோ சொன்னாள். எல்லாம் தள்ளித் தள்ளி, வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் என்று காலண்டரைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். பேப்பரில் இருந்த கடைசித் தேதி அதற்கு மறுநாள் சனிக்கிழமை.

மருமகள் தன் அம்மாவிடம் எதிர்த்துப் பேசமாட்டாள். எனக்காகப் பேசுகிறவள், தனக்காக அங்கே பேசவில்லை. நான் பேசியிருக்கலாம். சம்பந்தி, ஒரு நாள் முன்னாடியே போகட்டுமே என்று ஐந்து வார்த்தை. அது தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு அதை நான் ரொம்பத் தட்டியும் எழுப்பவில்லை.

இனி எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். எத்தனை மணி நேரம் வீட்டைப் பெருக்காமல் வைத்திருக்க வேண்டும்?

மருமகளைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் புறப்படுகிறவரிடம் எங்கே போகிறாய், எப்போது போய்ச் சேருவாய் என்று கேட்கக் கூடாது. அதுவும் ஒரு வழக்கம். கேட்டாலும் எதற்கு என்று திருப்பிக் கேட்பாள், துடைப்பத்துக்காக என்று சொன்னால் சிரிப்பாள். ஆகவே போனைக் கேட்டேன். மைக் படத்தை அழுத்திப் பேசினால் அது பதில் சொல்லும் என்று அவள்தான் எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள். போனிடம் பேசுவதற்கு எனக்கு வெட்கம் இல்லை. அது என் முகத்தைப் பார்க்காது.

"சென்னையில இருந்து டொரொண்டோ ஏரோப்ளேன்ல எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்?"

பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், சுமாராகப் பதினாறு மணி நேரம் என்றது. ஒரு படமும் காட்டியது. சென்னையிலிருந்து ஒரு கோடு மேலே மேலே ஏறி, ஊரே இல்லாத வெள்ளைப் பரப்பைத் தாண்டி, அந்தப் பக்கம் வழுக்கி இறங்கியது. பதினாறு மணி நேரம் பரவாயில்லை என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. சேலத்தைப் போல ஒன்றரை மடங்கு.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. செங்கல்பட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பெட்டி இரண்டும் எடை கூடிப்போய் அவிழ்த்து, எடுத்து, மறுபடி கட்டினார்கள். கயிற்றுத் துண்டு, பசை டேப்பின் சுருள், அட்டைப் பெட்டியின் கிழிசல், வெளியே எடுத்துப் போட்ட வடகத்தின் தூள், வந்தவர்கள் தின்ற இட்லியின் துணுக்கு, தலையிலிருந்து உதிர்ந்த பூ, எல்லாவற்றுக்கும் மேல் பதினைந்து பேரின் காலோடு வந்த மணல். மேற்கே சூலம் என்று சம்பந்தியம்மா மகள் வாயில் வெல்லத்தைத் திணித்தாள். அதுவும் பாதி கீழே விழுந்தது.

நான் புருஷனை இழந்தவள். எதிரே வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு முன்னால் நானே அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். மருமகள் அங்கேயே தேடிக்கொண்டு வந்தாள்.

"வரேன் அத்தே. நான் போனதும் மொதல்ல வூட்டப் பெருக்கித் தொடச்சிடுங்க. வெல்லம் சிந்திகீது, எறும்பு வந்துடும். அப்படியே போட்டுகினு உக்காந்திருக்காதீங்க."

"சரிம்மா" என்றேன். மூன்று வருஷத்தில் அவளிடம் நான் நேருக்கு நேர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

வேன் போய்விட்டது. விமானம் பத்து மணிக்கு. ஏர்போர்ட் வாசலில் அழுதுவிடுவேன், அது ஆகாது என்று சம்பந்தியம்மா என்னோடு நின்றுவிட்டாள். மகள் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை இங்கேயே இருப்பதாகச் சொன்னாள். அன்றைக்கு முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குப்பையில் குடித்தனம் செய்தோம். எறும்பு வந்தது. மருமகள் சொன்ன அதே இடத்துக்கு வந்தது. சம்பந்தியம்மா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தாள்.

"எப்ப போய்ச் சேருவான்னு தெரியுமா சம்பந்தி?" என்றாள்.

"பதினாறு மணி நேரம்."

"எங்கிட்ட நாளைக்குக் காலைல எட்டு மணி வாக்குல எறங்குவேன்னு சொன்னா."

எட்டு மணி என்றால் எந்த ஊர் எட்டு மணி என்று நான் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை. பெற்றவளுக்கு நேரம் சரியாக விளங்கியிருக்காது, போனுக்குத்தான் விளங்கும் என்று நான் உள்ளுக்குள் முடிவு செய்துகொண்டேன். பத்து மணிக்கு ஏறினவள், பதினாறு மணி நேரம், விடியற்காலை இரண்டுக்கு இறங்கிவிடுவாள். பெட்டி எடுக்க, வெளியே வர என்று இன்னும் நாலு மணி நேரம் தாராளமாகவே போட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து வீட்டைப் பெருக்கினேன். சம்பந்தியம்மா உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கூடம், நடை, அடுப்படி எல்லாம் கூட்டி வாரினால் இரண்டு முறம் குப்பை. அதைப் பையில் போட்டு, ஆறரைக்கு மணி அடித்துக்கொண்டு வந்த பஞ்சாயத்து பேட்டரி வண்டியில் கொடுத்தேன். கை கழுவிக் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். ஒரு பெரிய வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி எனக்கு.

போன் அடித்தது. மகன்.

"பயப்படாத மா. அவ ஃப்ளைட்டு லேட்டு."

"இன்னும் வந்து சேரலயா?"

"கெளம்பவே இல்ல. இங்க பனி கொட்டிகினு கீது. அதனால இங்க வர ப்ளேன அங்கியே நிறுத்தி வெச்சிட்டான்."

"எங்க?"

"நடுவுல மாறி ஏறுற ஊருல. அரபு நாட்டுல."

"அங்க எதுக்குடா எறங்குனா?"

"எறங்கி மாறணும் மா. பதினாலு மணி நேரம் அங்க காத்துகினு இருந்துதான் அடுத்த ப்ளேன். டிக்கெட் போடும்போதே தெரிஞ்சதுதான்."

"பதினாறு மணி நேரத்துல வந்துடலாம்னு போன்ல சொல்லிச்சே."

"அது நேராப் பறந்தா. நமக்கு நேராப் பறக்க இன்னா சொந்தமாவா ப்ளேன் கீது?"

பிறகு அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். எங்களுக்குச் சனிக்கிழமை விடிந்துவிட்டது, அவனுக்கு இன்னும் வெள்ளிக்கிழமை ராத்திரிதான். அவனுடைய ஊரில் சனிக்கிழமை முடிவதற்குள் அவள் இறங்கிப் பேப்பரைக் காட்டியாக வேண்டும். அரபு நாட்டிலிருந்து பதினாலு மணி நேரம் பறக்க வேண்டும். ஆகவே நம்ம நேரத்துக்கு இன்றைக்குச் சாயங்காலம் ஏழு, ஏழரைக்குள் விமானம் அங்கே கிளம்பினால் உண்டு. அதற்கு மேல் போனால் இல்லை.

"இல்லன்னா?"

"இல்லன்னா வாசல்லயே திருப்பி அனுப்புவான் மா."

போனை வைத்துவிட்டுக் கூடத்தைப் பார்த்தேன். தரை பளிச்சென்று இருந்தது. பாதி வழியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை நான் வாரிப் பையில் போட்டு, வண்டியில் ஏற்றிக் கையும் கழுவியிருந்தேன். தண்ணீர் கொதித்து வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். தெருவில் நான் ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டி ஐந்தாறு வீடு தாண்டி நின்றிருந்தது. அதில் பச்சைச் சட்டை போட்ட பெண்பிள்ளை குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடுத்த பை வேணும்" என்றேன்.

"ஏதாச்சும் பொருள் போட்டுட்டியாம்மா? கம்மலா?"

"இல்ல. குப்பைதான்."

"குப்பதான் தெரியுது. உள்ள இன்னா கீது?"

"குப்பைதான் வேணும்."

அவள் கையுறையோடு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தெனமும் குப்ப போட மாட்டேன்னு சண்ட போடறவங்கள பாத்துகீறேன். போட்ட குப்பைய திருப்பிக் கேக்கற மொத ஆளு நீதான். உனுக்கு மக்கற குப்ப வேணுமா, மக்காத குப்ப வேணுமா?"

இரண்டும் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஆனாலும் குனிந்து, என் பையைக் கொட்டின இடம் பார்த்து, கையால் அள்ளி ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

"பத்துப் பேரு வூட்டுக் குப்ப கலந்துகீது. உன்னுது எதுன்னு நீயே பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. சம்பந்தியம்மா எழுந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து கூடத்தில் இறைத்தேன். மணலை நடையில் தூவினேன். பூவை எங்கே கிடந்ததோ அங்கே போட்டேன், டேப்பின் சுருளைப் பெட்டி இருந்த இடத்தில் வைத்தேன். வெல்லம் மட்டும் கிடைக்கவில்லை. டப்பாவிலிருந்து புதிதாக ஒரு துண்டு எடுத்து உடைத்து அதே இடத்தில் போட்டேன். எறும்பு திரும்பி வரட்டும் என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். நாற்பத்தைந்து வருஷமாக வீடு பெருக்குகிறேன். குப்பையை ஒழுங்காகப் போடுவது அதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சம்பந்தியம்மா எழுந்து வந்தாள். கூடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "பெருக்காம விட்டிருக்கீங்க. நல்லது. இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்கறா?" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கீழே குனிந்தாள்.

"சம்பந்தி, இது இன்னா?"

முட்டை ஓடு. பக்கத்திலேயே நண்டின் கால் ஒன்று.

"நேத்து வெள்ளிக்கிழம. நம்ப வூட்டுல நண்டு ஏது?"

காற்றில் வந்திருக்கும் என்றேன்.

"காத்துல நண்டு வருமா? இன்னா கடலு அவ்ளோ கிட்டயா கீது?"

அவளிடம் பொய் சொல்ல என்னிடம் வார்த்தை போதவில்லை. ஆகவே உண்மையைச் சொன்னேன். பெருக்கினது, வண்டி, மகன் பேசினது, விமானம் இன்னும் அரபு நாட்டில் நிற்பது, இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அது கிளம்பாவிட்டால் பேப்பர் செல்லாது, எல்லாம். மூன்று வருஷத்தில் அவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசினதில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காலை நாற்காலியிலிருந்து இறக்கி நண்டுக் காலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"நாந்தான" என்றாள். "நாந்தான மார்கழி வாணாம்னேன். கரிநாளு வாணாம்னேன். அவன் அன்னிக்கே அனுப்புங்கன்னு சொன்னான். நாந்தான புடிச்சி வெச்சேன்."

அவள் அழுது நான் பார்த்தது கிடையாது. சத்தமாகப் பேசுகிற பெண்பிள்ளைகள் அழும்போது சத்தமே வருவதில்லை. எனக்கு அப்போது சொல்ல ஒன்று இருந்தது. ஆமாம், உங்களால்தான். அது சத்தியமான வார்த்தை. அன்றைக்குத் தொண்டையில் அது உட்காரவும் இல்லை, நேராக நாக்குக்கே வந்துவிட்டது. கூடவே எனக்குள்ளே இருக்கிற ஒருத்தியும் வந்து நின்றாள். திரும்பி வந்தாலும் வரட்டுமே, பழையபடி இரண்டு பேரும் இருக்கலாமே என்று அவள் காலையிலிருந்தே ஒரு ஓரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாள் குறித்த அன்றைக்கு ஐந்து வார்த்தை பேசாமல் விட்டவள் நான். மார்கழியைச் சொன்ன வாய் சம்பந்தியினுடையது. அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்த காது என்னுடையது.

"இல்ல சம்பந்தி" என்றேன். "நான் பெருக்கினதுதான். காலையில பெருக்காம இருந்திருந்தா ப்ளேன் கெளம்பிருக்கும்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். யோசித்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. முந்தானையை உதறிக்கொண்டு பழைய குரலுக்கு வந்தாள்.

"பின்ன இன்னா? போன பொண்ணு எங்க கீறான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? போனு சொல்லிச்சாம், இவங்க பெருக்குனாங்களாம். வயசு ஆவுது, இது கூடவா தெரியாது?"

பத்து மணி வரைக்கும் என்னைத் திட்டினாள். நடுவில் காபி கேட்டாள், குடித்துவிட்டு மறுபடி திட்டினாள். அவளுக்குத் திட்டத் திட்டத் தெம்பு வந்தது. எனக்கும் அது ஒன்றும் கெடுதலாக இல்லை. பேச வேண்டிய அவசியம் இல்லாமல் ஒரு காலைப் பொழுது கழிந்தது.

பகலெல்லாம் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சமைக்கவில்லை. முதல் நாள் மீந்த இட்லியை மோரில் கரைத்துக் குடித்தோம். மகன் இரண்டு தரம் பேசினான். பனி நிற்கவில்லை என்றான். பிறகு, அவனுக்கு விடியப்போகிற நேரத்தில், நின்ற மாதிரி இருக்கிறது என்றான். மருமகளோடு நேராகப் பேச முடியவில்லை. அவள் போனில் சார்ஜ் தீர்ந்துகொண்டு வருகிறது, இறங்கினதும் தேவைப்படும் என்று அணைத்து வைத்திருக்கிறாளாம். நாலு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. நாங்கள் காபி போடக்கூட எழுந்திருக்கவில்லை. வெயில் அடங்கி, கடல்காற்று வந்து ஜன்னல் வழியாக மணலை இறைத்தது. பழைய மணலின் மேல் புது மணல்.

"கொஞ்சம் சேரட்டும்" என்றாள் சம்பந்தியம்மா. "காலைல பெருக்குனதுக்கு ஈடா இருக்கும்."

ஆறு மணிக்கு மகன் கூப்பிட்டான். விமானம் கிளம்பிவிட்டது. மேலே ஏறிவிட்டது, தன் போனில் அது நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். இனி பதினாலு மணி நேரம். இறங்கும்போது அங்கே சனிக்கிழமையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில் வரிசையில் நின்று அதிகாரியிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இறங்கிவிட்டாள் என்று செய்தி வந்தது. எட்டிலிருந்து ஒன்பது. ஒன்பதே கால். சம்பந்தியம்மா சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். கோவளம் பக்கமிருந்து வருகிற வண்டிகள் சாலையில் நெரிந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை என்றால் சென்னைக்காரர்கள் எல்லாரும் கடலைப் பார்க்க வருவார்கள். சாலையைக் கடந்து எங்கள் கோயிலுக்குப் போகவே பத்து நிமிஷம் நிற்க வேண்டும்.

போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"வந்துட்டா மா." மகன் குரல் உடைந்திருந்தது. "முத்திர குத்திட்டான். பேப்பர்ல குத்திட்டான். இன்னும் ஒரு மணி நேரந்தான் இருந்துச்சி."

"இன்னா சொன்னான் ஆபீசரு?" என்று சம்பந்தியம்மா என் தோளுக்கு மேலிருந்து கத்தினாள்.

"தேதியப் பாத்தான், கடியாரத்தப் பாத்தான். சிரிச்சானாம். அவ்ளோதான்."

பிறகு மருமகள் பேசினாள். "அத்தே" என்றாள். "அம்மா அங்கியா கீது? அழுவ வாணாம்னு சொல்லுங்க." அதற்குள் அவளே அழுதாள். காது அடைத்திருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்த கிழவர் பதினாலு மணி நேரமும் தன் தோளில் தூங்கினார் என்றாள். எந்த ஊர்க் கிழவர் என்று சம்பந்தியம்மா கேட்டாள். அவளுக்குத் தெரியவில்லை. நான் எல்லாவற்றுக்கும் ம், ம் என்றேன்.

"செரி, வெக்கறேன். கார்ல ஏறணும். குளுருது" என்றாள்.

ஆனால் வைக்கவில்லை. வைத்ததாக நினைத்துப் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. கதவு அடைக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் போனுக்குப் பக்கத்தில் குனிந்தோம். மூன்று வருஷம் தினமும் போனில் பேசினவர்கள், பக்கத்தில் உட்கார்ந்ததும் பேச்சு வராமல் இருந்தார்கள்.

"இந்தா, கோட்டு" என்றான் என் மகன். "போட்டுக்கோ."

துணி சரசரத்தது.

"இன்னாங்க இது, இதுல ரெண்டு பேரு பூரலாம் போல கீதே?"

"நீ இந்த அளவுலதான் இருந்தேன்னு நெனச்சேன்."

"நானா? எப்ப?"

"ஞாபகத்துல வாங்குனேன்" என்றான்.

அவள் சிரித்தாள். அழுத மூக்கோடு சிரிக்கிற சிரிப்பு. அப்புறம் அவனும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. எனக்குள்ளே இருக்கிறவள் ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். அவளும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சம்பந்தியம்மா என் முழங்கையை இடித்தாள்.

"போதும், அணைங்க. புருஷன் பொஞ்சாதி பேசறத ஒட்டுக் கேக்கக் கூடாது."

எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் தேடுகிற மாதிரி தேடினேன். அவளும் அவசரப்படுத்தவில்லை. கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு அணைத்தேன்.